அகக்கரையை அடை

முன்னொரு காலத்தில், ஏரிகளை நம்பிப் பிழைத்த ஒரு நாட்டில், ஐப்பசி மழைக்குப் பெரிய ஏரியின் கரை உடைந்து பதினேழு பேர் செத்துப்போனார்கள். காவலுக்கு நின்றவர்களுக்குக் கரையைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அந்த நாட்டு அரசனுக்கு ஓர் ஆசை பிறந்தது. அடுத்த மழைக்குள் நாற்பது பேர் கரைகாவலைக் கற்றுத் தேற வேண்டும். கற்கும்போதுகூட ஒரு பிழை வரக் கூடாது. 'அரண்மனை மதிலுக்குள் பாடத்தில் பிழை செய்பவன் எவனாயினும் அவனுக்குப் பத்துக் கசையடி' என்று கல்லில் வெட்டி வைத்தான்.

கற்பிக்கும் பொறுப்பு அவைப்புலவர் ஞானவரோதயருக்கு. அவர் கரைகாவலைப் பற்றி நானூறு பாட்டு எழுதினார். நாற்பது பேரும் அரண்மனைக் கூடத்தில் உட்கார்ந்து ஐந்து மாதம் அதை ஒப்பித்தார்கள். ஒருவரும் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. போனால் தவறு செய்வோம், தவறு செய்தால் முதுகு கிழியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசனைச் சிரிக்கவைக்கும் அவை விகடன் சாத்தையன் ஒருநாள் அந்தக் கூடத்தில் எட்டிப் பார்த்தான். செத்த பதினேழு பேரில் ஒருத்தி அவன் தங்கை. மற்றவர்கள் மறந்தாலும் அவன் அடுத்த மழையை எண்ணிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் பாலாண்டி என்ற முரட்டு ஆள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான்.

"பாலாண்டி, கரை கசிஞ்சா என்னப்பா செய்வே?"

"இருநூத்திப் பன்னெண்டாம் பாட்டுண்ணே. 'அகக்கரை அடைப்பவன்...'"

"பாட்டு சரி. நீ என்ன செய்வே?"

பாலாண்டி விழித்தான். "அது பாட்டுலயே இருக்குண்ணே."

சாத்தையன் நேரே அவைக்குப் போனான். "அரசே, இவர்கள் கரையைக் காக்க மாட்டார்கள். கரை உடையும்போது நன்றாகப் பாடுவார்கள்."

சில அவையோர் சிரித்தார்கள். ஞானவரோதயர் சிரிக்கவில்லை. தன் பாட்டைக் கேட்டுக் கொட்டாவி விடும் அரசன் இந்த விகடனை மட்டும் சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அரசே, என் சொற்கள் பயனற்றவை என்கிறார் இவர். அப்படியானால் சொல்லே இல்லாமல் கற்பித்துக் காட்டட்டும். இருபது பேரை அவரிடம் ஒப்படைப்போம். பத்து நாள். வாய் திறந்து ஒரு சொல்லோ, கை அசைத்து ஓர் எழுத்தோ கூடாது."

"தோற்றால்?" என்றான் அரசன்.

"வாயாடிகளுக்குத் தலை எதற்கு?"

அரசனுக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. அப்படியே ஆணையிட்டான்.

சாத்தையன் இருபது பேரையும் மதிலுக்கு வெளியே, வறண்ட ஓடைக்கு நடத்திப் போனான். முழங்கால் உயரத்துக்கு மண்கரை ஒன்று எழுப்பினான். ஒரு பக்கம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். கரை நிறைந்ததும் கம்பால் ஒரு துளை போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

இருபது பேரும் பாய்ந்தார்கள். தண்ணீர் பீச்சி அடித்த வெளிப்பக்கத்தில் மண்ணை அள்ளி அப்பினார்கள். அப்பிய மண்ணையும் இழுத்துக்கொண்டு கரை போயிற்று.

பாலாண்டி கசையடிக்கு நிற்கும் பழக்கத்தில் திரும்பி நின்று முதுகைக் காட்டினான். சாத்தையனிடம் சொல்ல ஒரு சொல் இருந்தது. சொன்னால் தலை போகும். அவன் மண்கூடையை எடுத்துப் பாலாண்டியின் கையில் கொடுத்தான்.

அன்று மட்டும் ஆறு கரைகள் உடைந்தன. மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் ஆத்திரத்தில் பாலாண்டி தண்ணீருக்குள்ளேயே குதித்தான். காலடியில் எங்கோ நீர் இழுத்தது. அந்த இடத்தில் களிமண்ணை வைத்து மிதித்தான். வெளியே பீச்சிய நீர் நின்றது.

"அடேய்! உள்ளே வாங்கடா! துளையோட வாய் உள்ளேதான்டா இருக்கு! அகக்கரைன்னு அஞ்சு மாசமா இதத்தான்டா கத்திக்கிட்டிருந்தோம்!"

அவனே மற்றவர்களுக்குச் செய்து காட்டினான். சாத்தையன் தினமும் வேறு வேறு இடத்தில் துளை போட்டான். நேற்று அடைத்த துளையை இன்று மறுபடி திறந்தான்.

பத்தாம் நாள் அரசன் தன் நந்தவனத்தில் வரிசையாகக் கரைகள் கட்டி நீர் நிரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகத் துளை போட்டான். புலவரிடம் இருந்த இருபது பேரில் சிறந்தவன் முதலில் வந்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பாட்டைப் பிசகாமல் பாடிக்கொண்டே வெளிப்பக்கத்தில் மண்ணைக் கொட்டினான். கரை சரிந்தது.

"மூடனே, தள்ளு!" ஞானவரோதயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த கரையில் இறங்கினார். பாட்டை எழுதியவர் அவர். அவரும் தண்ணீர் வந்த பக்கத்திலேயே அப்பினார். அதுவும் போயிற்று.

அரசன் பொறுமை இழந்து, "ஒரு துளையை அடைக்க இத்தனை பாடா?" என்று தானே மண்வெட்டியை வாங்கினான். மூன்றாவது கரையும் உடைந்து அரசனின் பட்டு சேறாயிற்று.

பாலாண்டி நான்காவது கரையில் இறங்கினான். உட்பக்கம் தடவினான், மிதித்தான், ஏறினான். நீர் நின்றுவிட்டது.

அரசன் சாத்தையனைப் பார்த்தான். "இப்போது நீ பேசலாம். உன் ஆட்கள் பிழையே செய்யவில்லையா?"

"எழுபத்து நான்கு கரை உடைத்தார்கள், அரசே. எல்லாம் மதிலுக்கு வெளியே. கல்வெட்டு மதிலுக்கு உள்ளேதான் செல்லும்." சாத்தையன் நந்தவனத்தைச் சுற்றிப் பார்த்தான். "இது மதிலுக்கு உள்ளே. உடைந்தவை மூன்று. மாணவருக்குப் பத்து, புலவருக்குப் பத்து. மூன்றாவதை உடைத்தவருக்கும் பத்து. எவனாயினும் என்று வெட்டியிருக்கிறது. கசைக்காரரைக் கூப்பிடட்டுமா?"

அவையோர் அரசனின் முதுகைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தார்கள்.

அரசன் தன் சேற்றுக் கால்களைக் குனிந்து பார்த்தான். மெல்லத் தொடங்கிய சிரிப்பு அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லைப் பெயர்த்து எறியச் சொன்னான். கையில் இருந்த தங்கக் கடகத்தைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும்?"

"மற்ற இருபது பேர், அரசே. மழைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது."

அரசன் கொடுத்தான். அன்று மாலையே நாற்பது பேரும் ஓடையில் இருந்தார்கள். ஞானவரோதயரும் வந்தார், யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரம் கரையில் நின்றார். பிறகு தண்ணீருக்குள் இறங்கி, "வாய் எங்கே இருக்கிறது, காட்டப்பா" என்று பாலாண்டியிடம் கேட்டார்.