களாப்பழம் தின்ற நாக்கு

முன்னொரு காலத்தில் குன்றக்குறிச்சி என்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் மழையைக்கூடச் சிறையில் போடச் சொல்வான். ஒருநாள் வேட்டைக்குப் போனவன், முழங்கால் உயரமே உள்ள களாச்செடியில் தலைகுப்புற விழுந்து, மூக்கெல்லாம் முள் கீறலோடு திரும்பினான். செடி தன்மேல் பாய்ந்துவிட்டதாகச் சபையில் சொன்னான். புலி பாயும், செடி பாயுமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

தளவாய் வீரகண்டருக்கு மந்திரி அம்பலவாணரின் பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். களாப்பழம் கிடைத்தால் மந்திரிக்குச் சோறே வேண்டாம் என்பதும் ஊரறிந்த சங்கதி. இதுதான் சமயமென்று தளவாய் எழுந்தார். களாச்செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்க வேண்டும், இனி அந்தப் பழத்தைத் தின்கிறவனை நாடு கடத்த வேண்டும் என்றார். ராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டான்.

மந்திரி மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாம் நாள் சபைக்கு வரும் வழியில் கால் தானாக, இன்னும் பிடுங்காமல் விட்டிருந்த ஒரு களாப்புதர்ப்பக்கம் திரும்பிவிட்டது. நாட்டுக்கே புத்தி சொல்கிற தனக்கு நாக்கை அடக்கத் தெரியவில்லையே என்று தன்னைத் திட்டிக்கொண்டே இரண்டு கைப்பிடி தின்றார்.

சபையில் தளவாய் காத்திருந்தார். "மந்திரியார் நாக்கை நீட்டட்டும், மகாராஜா."

களாப்பழச் சாயம் நாக்கைவிட்டு லேசில் போகாது என்பது மந்திரிக்குத் தெரியும். இந்த வயதில் பிழைக்க எந்த நாட்டுக்குப் போவது? ஆனால் ஒன்றைக் கவனித்தார். தான் வந்ததிலிருந்து ராஜா வாயே திறக்காமல் சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தான். மந்திரி நாக்கை நீட்டினார். கருஞ்சிவப்பாக இருந்தது.

"தின்றேன், மகாராஜா. எப்படித் தின்றேன் என்று கேட்டுவிட்டுத் துரத்துங்கள். செடியோ முழங்கால் உயரம். என் தொப்பை குனிய விடவில்லை. தவழ்ந்து போனேன், தலைப்பாகை முள்ளில் மாட்டிக்கொண்டது. எதிரே ஒரு வெள்ளாடு வந்து பழத்தைத் தின்றது. 'தாயே, நான் இந்நாட்டு மந்திரி, கொஞ்சம் மிச்சம் வை' என்று கெஞ்சினேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலைப்பாகையைத் தின்ன ஆரம்பித்தது." கையிலிருந்த பாதித் தலைப்பாகையைத் தூக்கிக் காட்டினார்.

ராஜா உதட்டை மடித்து அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். ராஜாவின் நாக்கும் கருஞ்சிவப்பாக இருந்ததைச் சபையே பார்த்தது. சிரிப்பு சட்டென்று நின்றது.

மந்திரி தரையைப் பார்த்துக்கொண்டு, "என் நாக்கைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை, மகாராஜா" என்றார்.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "செடி பாயவில்லை, மந்திரியாரே. பழத்துக்குக் குனிந்து நான்தான் விழுந்தேன். கடத்துவதென்றால் முதலில் என்னைத்தான் கடத்த வேண்டும்" என்று ஒப்புக்கொண்டான். அப்போதே உத்தரவை ரத்து செய்து, மந்திரிக்குப் புதுத் தலைப்பாகை கட்டிவிட்டான்.

பிறகு தளவாயின் நாக்கைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. "பழம் விஷயத்தில் இந்தச் சபையில் நம்பக்கூடிய ஆள் நீர் ஒருவர்தான். இனி அரண்மனைக்குப் பழம் பறிக்கிற வேலை உம்முடையது" என்றான்.

தளவாய் தினமும் இடுப்பில் வாளோடு அந்தக் குட்டைச் செடி முன்னால் குனிந்து பறித்தார். எட்டாம் நாள் சபையில் ராஜா என்ன கேட்டாலும் அவர் சைகையிலேயே பதில் சொன்னார்.