முதல் பிடி

பனங்காட்டை ஒட்டிய குளத்துக் கரையில் எலி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் பெயர் ஞானப்பூ. எலிக்கு யார் பெயர் வைத்தது என்று கேட்காதீர்கள். அவளே வைத்துக்கொண்டாள்.

பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் சின்னக் கோயில் ஒன்று உண்டு. கூரையில் சிலுவை, வாசலில் மணிக்கூண்டு. கோயிலை அடுத்து, அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியாரின் வீடு. அந்த வீட்டு அடுக்களையில், அரிசிப் பானைக்குப் பின்னால்தான் நம் எலி பிறந்தாள். உபதேசியாரின் மனைவி பெயர் ஞானப்பூ. ஒரு நாள் பூனை துரத்தி, எலி அந்த வீட்டைவிட்டு ஓடிவந்தபோது, அந்த அம்மாவின் பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பூனை துரத்திய கதையை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

"நான் கோயில் வீட்டுப் பிள்ளையாக்கும்!" என்று குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிற எல்லோரிடமும் சொல்வாள்.

சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடுவாள். முன்னங்கால் இரண்டையும் கூப்புவாள். "ஸ்தோத்திரம்!" என்பாள். ஆனால் அதற்குள் ஒரு நெல் கடைவாய்க்குள் போயிருக்கும். அவ்வளவு நேரம் பொறுக்க அவளால் முடியாது.

இதைக் காகம் ஒரு நாள் பார்த்துவிட்டது.

"ஏளா, வாய் நெறையா நெல்லை வச்சுக்கிட்டா ஜெபம் பண்ணுத? அந்த அம்மா பேரைக் கொண்டாந்தே, சரி. குணத்துல கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்லா!"

"நீ போ! உனக்கு ஜெபத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஞானப்பூ சீறினாள்.

அந்த ஊரில் கார்த்திகை மழை பொல்லாதது. முந்தின வருடம் பத்து நாள் விடாமல் பெய்தது. யாராலும் இரை தேட வெளியே போக முடியவில்லை. முயலின் குட்டிகள் இரண்டு பசியிலேயே செத்துப்போயின. அதை யாரும் மறக்கவில்லை. அதனால் இந்த வருடம் வெயில் காலத்திலேயே எல்லோரும் இலுப்பை மரத்தடியில் கூடினார்கள். மயில் வந்தது. முயல் வந்தது. காகம் கிளையில் உட்கார்ந்தது. செம்மணல் மேடான தேரிமேட்டில் குடியிருக்கும் கௌதாரி, செம்மண் ஒட்டிய காலோடு கடைசியில் வந்து ஓரமாக நின்றது.

"மறுபடியும் மழை வந்தா என்ன செய்யது?" என்று முயல் கேட்டது.

ஞானப்பூ முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பேச ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவாளா?

"எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. அடுப்புல சோறு ஏறுத நாளெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு கலயத்துல போட்டு வைப்பாவ. கைப்பிடி அரிசின்னு பேரு. ஞாயித்துக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டு போவாவ. இல்லாத வீட்டுக்கு அது போவும். நம்மளும் அப்படிச் செய்வோம்!"

"நல்ல யோசனைதான். ஆனா எனக்குக் கையே இல்லையே!" என்றது மயில்.

"கை இல்லாட்டா என்ன அண்ணாச்சி? மூக்கு இருக்குல்லா! மூக்குப் பிடி போதும்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இலுப்பை மரத்துப் பொந்துதான் கலயம் என்று முடிவாயிற்று. அதை ஒரு பனையோலைத் துண்டால் மூடி வைப்பது. தினமும் ஆளுக்கொரு வாய் அதில் போடுவது. மழை நாளில் யார் வீட்டில் அடுப்பு அணைகிறதோ அந்த வீட்டுக்குக் கொடுப்பது. பொந்துக்குக் காவல் ஞானப்பூ.

"எப்பப் போடணும்?" என்று கௌதாரி மெல்லக் கேட்டது.

ஞானப்பூ விழித்தாள். அம்மாவின் கை கலயத்துக்குள் போவதை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் அவள் கண் அம்மாவின் மேலா இருந்தது? கைக்குக் கீழே சிந்துகிற அரிசியின் மேல் இருந்தது!

"சாப்பாட்டு நேரத்துலதான்!" என்று சமாளித்தாள்.

மறுநாளே வேலை தொடங்கியது.

மயில் வேப்பம்பழத்தைத் தின்றது. வயிறு நிறைந்த பிறகு கொட்டையைக் கொண்டுவந்து போட்டது. முயல் இளம் கோரையை மென்று முடித்துவிட்டு, பல்லில் ஏறாத தண்டைப் போட்டது. காகத்தைச் சொல்லவே வேண்டாம். நத்தையைக் கொத்தித் தின்றுவிட்டு ஓட்டைப் போட்டது.

"நாலு பேரு நல்லதாப் போடுவாவ. நம்ம ஓடு ஒண்ணு உள்ள கெடந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று அது தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

காவல்காரி என்ன செய்தாள்? வயலில் இருந்து நெற்கதிராக இழுத்து வந்தாள். முற்றிய மணியெல்லாம் அவள் வளைக்குள் போயிற்று. மீந்த உமியும் கருக்காயும் பொந்துக்குப் போயின. 'தனிக்கட்டை நான். என் கையிருப்பை முதலில் பார்க்க வேண்டாமா?' என்று அவள் மனசுக்குள் ஒரு சமாதானம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடிக்கும்போது எல்லோரும் இலுப்பை மரத்தடியில் கூடுவார்கள். பொந்து வாரா வாரம் நிரம்பிக்கொண்டே வந்தது. ஞானப்பூ ஓலைமேல் ஏறி நின்று நீளமாக ஜெபம் செய்வாள். "ஆண்டவரே, எங்கள் கொடையைப் பாரும்!" என்பாள். ஆண்டவர் பார்த்திருப்பார். வேறு யாரும் ஓலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது.

நான்காம் நாள் காலையில் காகம் நனைந்து ஒட்டிய இறகோடு பறந்து வந்தது.

"கேட்டியளா சேதி? தேரிமேட்டுல பனமட்டை விழுந்து கௌதாரிக்குக் கால் ஒடிஞ்சு போச்சு! புருஷனும் போன மாசம்தான் வேட்டைக்காரன் வலையில மாட்டிப் போச்சு. பொரிச்சு ஆறு நாள்தான் ஆச்சு, அஞ்சு குஞ்சு. நேத்துலேர்ந்து பட்டினி!"

"ஐயோ! பொந்தைத் திறங்க!" என்று முயல் அலறியது.

ஞானப்பூ ஓலையை விலக்கினாள். குப்பென்று புளிச்ச வாடை வந்தது. உள்ளே உமி. அதன் கீழே வேப்பங்கொட்டை. அதன் கீழே கோரைத் தண்டு, நத்தை ஓடு, மறுபடியும் உமி. எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.



"நான் ஒருத்தன்தான் கொட்டை போட்டேன்னு நெனச்சேன்" என்றது மயில். தோகை உதிர்ந்த காலம் வேறு. பார்க்கவே பாவமாக இருந்தது.

"நீங்க எல்லாரும் நல்லது போடுவியன்னுதானே நான் ஓடு போட்டேன்! என்னைய ஏமாத்திட்டிய!" என்று காகம் கத்தியது. அந்த நேரத்திலும் அதன் நியாயத்தைப் பாருங்கள்!

ஞானப்பூ குப்பையைக் கிளறினாள். அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் தானியம் இருந்தது. குதிரைவாலி. பூஞ்சை படாததைப் பொறுக்கி எடுத்தால் இரண்டு வாய் தேறும். தேரிக்கு அப்பால் உள்ள புஞ்சையில்தான் குதிரைவாலி விளைகிறது. அங்கே போய் வருவது கௌதாரி ஒன்றுதான்.

ஞானப்பூ அந்தக் குதிரைவாலியை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

தேரிமேட்டில் ஒரு முள்புதருக்கு அடியில் கௌதாரி படுத்திருந்தது. இறக்கைக்குள் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று அழுதன. ஞானப்பூ தானியத்தைக் கீழே வைத்தாள். குஞ்சுகள் ஓடி வந்து கொத்தின. ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.

"இது நான் போட்டதுல்லா யக்கா!" என்றது கௌதாரி. குறையாகச் சொல்லவில்லை. "மத்தவுக போட்டதெல்லாம் நனைஞ்சு போச்சோ?"

ஞானப்பூ பேச்சை மாற்றினாள்.

"உனக்கே அரைவயிறு. நீ எப்படிட்டி இவ்வளவு நல்ல தானியம் போட்டே?"

"பசிக்குதேன்னு தின்ன ஆரம்பிச்சா எங்க யக்கா மிஞ்சும்? அதான், வாயில வைக்கதுக்கு முந்தியே ஒரு வாய் எடுத்து வச்சிருவேன்."

ஞானப்பூ தன் வளைக்குத் திரும்பினாள். உள்ளே கணகணப்பாக இருந்தது. சுவர் ஓரமாக நெல் குவிந்து கிடந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. பழக்க தோஷத்தில் ஒரு நெல்லைக் கடைவாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

கண்ணுக்குள் அந்த அடுக்களை வந்தது. அம்மா அரிசியைப் படியில் அளக்கிறாள். இன்னும் களையவில்லை. அடுப்பில் தீ கூட மூட்டவில்லை. அதற்கு முன்பே ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுகிறாள்! ஒரு நாள் பானையில் அரிசியே இல்லை. அடியைச் சுரண்டியதில் அரைப்படிதான் வந்தது. அன்றும் முதல் பிடி கலயத்துக்குத்தான் போனது. வீட்டில் கஞ்சி தண்ணியாக இருந்தது. 'இந்த அம்மாவுக்குப் பிழைக்கத் தெரியவில்லையே!' என்று பானைக்குப் பின்னாலிருந்து எலி சிரித்தது.

ஞானப்பூ கண்ணைத் திறந்தாள். கடைவாய் நெல்லைத் துப்பினாள்.

"ஆண்டவரே, அந்தப் பேரைச் சுமக்க எனக்கு யோக்கியதை இல்லை!" என்று அழுதாள். அதுதான் அவள் செய்ததிலேயே சின்ன ஜெபம்.

அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. நெல்லை வாய் கொள்ளுமட்டும் அடைத்துக்கொண்டு தேரிமேட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடி ஓடினாள். மழை முகத்தில் அடித்தது. வழுக்கி விழுந்தாள். சேறும் நெல்லுமாக எழுந்தாள்.

முயல் பார்த்துவிட்டது. "ஞானப்பூக்கா! இந்த மழையில எங்க போறிய?"

"முதல் பிடி கொண்டு போறேன்! அன்னைக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். முதல்ல எடுத்து வைக்கணும்! தின்னுட்டு வைக்கது கைப்பிடி இல்ல, எச்சில்!"

முயலின் காது தொங்கிப்போயிற்று. அப்புறம் அது ஓடிப்போய், தன் படுக்கையில் இருந்த காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு வந்து குஞ்சுகளுக்கு மெத்தை போட்டது. மயில் வந்து புதரின் மேல் இறக்கையை விரித்துக் கூடாரம் போட்டது. "தோகை போனாப் போவுது. இறக்கை இருக்குல்லா!" என்றது. காகமும் வந்தது. மழைக்குக் கிளம்பிய ஈசல் ஒன்று அதன் அலகில் துடித்துக்கொண்டிருந்தது.

"விழுங்காமக் கொண்டாந்திருக்கேன்! இங்க வந்து சேருததுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

ஞானப்பூவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. இது எட்டாவது நடை. இன்னும் பாதி நெல் வளையில் இருக்கிறது. ஒன்பதாவது நடைக்குக் கீழே இறங்கினாள்.

வளையைக் காணவில்லை!

குளம் நிரம்பிக் கரையின் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வளை இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்து ஓடியது. கணகணப்பான வீடு, மிச்ச நெல், எல்லாம் போயிற்று. வயிறு நிறையத் தின்றுவிட்டு அவள் உள்ளே தூங்கியிருந்தால் அவளும் போயிருப்பாள்.

நடுங்கிக்கொண்டே அவள் மேடு ஏறினாள். ஒரு மணி நெல் கையில் இல்லை. காலையில் இருந்து வயிறும் காலி. புதருக்கு வெளியே, மழையிலேயே நின்றாள். கொடுத்ததை எந்த வாயால் திரும்பக் கேட்பது?

உள்ளே கௌதாரி நெல்லைக் கொத்தி உமி நீக்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் சுற்றி நின்று வாயைப் பிளந்தன. "பொறுங்க!" என்று அவற்றை அதட்டிவிட்டு, முதல் வாயை எடுத்து ஓர் ஆவாரம் இலையின்மேல் தனியாக வைத்தது. பிறகு நிமிர்ந்து வெளியே பார்த்தது. மேட்டிலிருந்து உடைந்த குளத்துக் கரை தெரிந்தது; மழையில் வெறும் வாயோடு ஞானப்பூ நின்றாள்.

"உள்ள வாங்க யக்கா! கைப்பிடி எடுத்து வச்சாச்சு. இன்னைக்கு அடுப்பு அணைஞ்ச வீடு உங்க வீடுதான!"

ஞானப்பூ உள்ளே வந்தாள். குஞ்சுகள் விலகி இடம் கொடுத்தன. பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் மழைச் சத்தத்தை மீறிச் சாயங்கால ஆராதனைக்கான கோயில் மணி கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் கண்ணை மூடினாள். முன்னங்கால்களைக் கூப்பினாள். "ஸ்தோத்திரம்!" என்றாள். இந்த முறை வாய் காலியாக இருந்தது. காகம் அதைக் கவனித்தது, ஆனால் கேலி செய்யவில்லை.

மழை மேலும் ஆறு நாள் பெய்தது. அந்த வருடம் குளத்துக் கரையில் ஒரு குஞ்சும் ஒரு குட்டியும் சாகவில்லை.

தின்று மிஞ்சியதைக் கொடுக்கிறவர் தம் வயிற்றைத்தான் நம்புகிறார். பசியோடு இருக்கும்போதே முதல் பிடியை எடுத்து வைக்கிறவரே கடவுளை நம்புகிறார்.