கித்தேரியம்மாளின் பட்டன்

தில்லைநாயகம் செய்த டூல்பாரில் அறுபத்திரண்டு பட்டன்கள் இருந்தன. படம் திருத்தும் மென்பொருளின் ஓரத்தில் அதை ஒட்டவைத்துக்கொண்டால் போதும், வேலை பறக்கும். 'முகம் பளிச்' என்று ஒரு பட்டன். 'நகை மினுக்கு' என்று ஒன்று. மேகம் மூடிய நாளில் எடுத்த கல்யாணப் படத்துக்கு 'வானம் நீலம்'. யாருக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். தூத்துக்குடி முதல் கோவில்பட்டி வரை பல ஸ்டூடியோக்களில் அவருடைய டூல்பார்தான் ஓடியது.

அப்படிப்பட்டவர் ஐம்பத்து மூன்று வயதில் முப்பத்தொரு வயது ஜெசிந்தாவிடம் போய் வேலை கற்க உட்கார்ந்தார்.

காரணம் ஒரு படம். துக்கம் கேட்கப் போன வீட்டில் பார்த்தது. செத்துப்போன கிழவர் சட்டத்துக்குள் இருந்து இப்போது தண்ணீர் கேட்பார் போலிருந்தது. செய்தது யார் என்று விசாரித்தார். கடற்கரை ரோட்டில் ஒரு மாடி அறையைக் காட்டினார்கள்.

ஜெசிந்தாவின் கணினியில் டூல்பாரே இல்லை. திரை முழுக்கப் படம் மட்டும். அவள் அதைப் பார்த்தபடி நெடுநேரம் சும்மா இருப்பாள். ஜன்னல் வழியே உப்புக் காற்று வரும். தில்லைநாயகத்துக்குச் சில மதியங்களில் தாம் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கேட்டார்.

"டீச்சர், என் டூல்பார்ல இன்னும் என்ன பட்டன் சேர்க்கணும்?"

"யாராவது வரட்டும் அண்ணாச்சி. சொல்றேன்."

மூன்றாம் நாள் கித்தேரியம்மாள் வந்தாள். கையில் புருஷனின் மீனவர் அடையாள அட்டை. போன ஆடியில் கடலுக்குப் போனவர் சவேரியான். வள்ளம் மட்டும் கிடைத்தது.

"வேற படமே இல்ல மக்கா," என்றாள் ஜெசிந்தாவிடம். "முதல்ல கண்ண மூடினா அவரு வருவாரு. இப்ப ரெண்டு மாசமா இந்த அட்டைதான் வருது. அவரு முகம் எனக்கு மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்தவள் போலத் தரையைப் பார்த்தாள்.

அட்டையில் இருந்தவர் வெள்ளைச் சுவரின் முன்னால், ஃப்ளாஷ் வெளிச்சத்தில் திகைத்துப்போய் நின்றார். ஜெசிந்தா அதை ஸ்கேன் செய்து, தில்லைநாயகத்தின் மடிக்கணினிக்கு அனுப்பினாள்.

அவர் தம்முடைய டூல்பாரைத் திறந்தார். 'முகம் பளிச்' அழுத்தினார். சவேரியானின் தோல் தெளிந்தது. கண்ணுக்கு ஒளி வைத்தார். பின்னால் நீல வானம் விரித்தார்.

கித்தேரியம்மாள் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. யாரு இது?"

அவர் அழித்துவிட்டு வேறு பட்டன்களைத் தொட்டார். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு ஆள் திரையில் எழுந்து வந்தான். அழகான ஆள், இளைய ஆள், சிரிக்கும் ஆள். பதினோரு பேர் வந்து போனார்கள். ஒவ்வொருவரையும் கித்தேரியம்மாள் மரியாதையாகப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ஜெசிந்தா எழுந்தாள். தன் நாற்காலியில் கித்தேரியம்மாளை உட்கார வைத்தாள்.

"அண்ணாச்சி, இவங்களுக்கு ஒரு பட்டன் செஞ்சு குடுங்க."

"எதுக்கான பட்டன்?"

"அவங்ககிட்ட கேளுங்க."

என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "அவரு எப்படி இருப்பாரும்மா?" என்றார்.

"எப்படின்னா? மனுசன் மாதிரிதான்." அவள் யோசித்தாள். "வெயில்ல நான் அவர சரியாப் பாத்ததே இல்ல அண்ணாச்சி. நான் எந்திரிக்கிறதுக்கு முன்ன போயிருவாரு. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாரு. வாசல்ல வந்து நிப்பாரு. பின்னால கடல் வெளிச்சம். முகம் கருப்பாத்தான் தெரியும்."

தில்லைநாயகம் வெள்ளைச் சுவரை மங்க வைத்தார். முகத்தை ஒரு படி இருட்டாக்கினார்.

"இன்னும்," என்றாள்.

இன்னொரு படி.

"இன்னும் அண்ணாச்சி."

முப்பது வருடமாக முகங்களுக்கு வெளிச்சம் போட்டவருடைய கை தயங்கியது. முகமே போய்விடும் என்று தோன்றியது. ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் புதிதாக ஒரு டூல்பார் திறந்தார். அதில் ஒரே ஒரு பட்டன் வைத்தார். அழுத்திப் பிடித்து இழுத்தால் பகல் சாயும், பின்னால் நீர் மினுங்கும், காதோரமும் தாடையும் செம்பு நிறத்தில் ஒரு கோடாகத் தங்கும். வலை சுமந்த தோள் கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்று அவள் சொன்னாள். அதையும் சேர்த்தார். பொழுது போனதே தெரியவில்லை. பிறகு மவுஸை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்களே இழுங்கம்மா. எங்க வேணுமோ அங்க நிறுத்துங்க."

அவள் இழுத்தாள். திரையில் மதியம் மெதுவாக மாலையாகி, மாலை மங்கிக்கொண்டே போனது. அந்த ஆள் சுவரை விட்டு விலகி, எங்கிருந்தோ நடந்து வருவது போலிருந்தது. மூக்கு மறைந்தது. கண் மறைந்தது. ஓரிடத்தில் கித்தேரியம்மாள் கையை நிறுத்தினாள்.

தில்லைநாயகத்துக்கு அங்கே ஒரு நிழல்தான் தெரிந்தது.

"கால் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள், தினமும் சொல்கிற குரலில்.

பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள்.

தில்லைநாயகத்தின் முகம் மலர்ந்திருந்தது.

"டீச்சர், நீங்க சொன்னது புரிஞ்சுபோச்சு. இதுதான் அறுபத்திமூணாவது பட்டன். 'அந்தி'ன்னு பேர் வச்சு டூல்பார்ல சேர்த்துடுறேன். கடலோரம் முழுக்க இதைக் கேப்பாங்க."

ஜெசிந்தா ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

"படியில ஒரு அம்மா ஏறி வர்றாங்க அண்ணாச்சி. அவங்க வீட்டுக்காரரும் அந்தியிலதான் வீட்டுக்கு வருவாரா?"