கிளீன் என்றொரு கட்டளை

"அந்தப் பேரு நம்மளது மேடம். பதினோரு வருஷமா நம்மளது. மாத்தணும்னா அவங்க மாத்தட்டும்."

மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றார், நடந்தார், மறுபடி நின்றார்.

தரவுத்தளத்தில் செத்துக் கிடக்கும் பதிவுகளைக் கூட்டித் தள்ளும் சிறிய நிரல் அவர் எழுதியது. கிளீன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இன்னொரு குழுவும் தங்கள் நிரலுக்கு அதே பெயரை வைத்தது. அது கோப்புகளையே அழிப்பது.

ஒரு ரத்த வங்கிக் கணினியில் இரண்டும் இருந்தன. கூப்பிட்டது ஒருவனை, வந்தது மற்றவன். கொடையாளர் பட்டியல் முழுக்கப் போய்விட்டது.

எஸ்தர் அவரைவிட எட்டு வயது இளையவள். ஆனால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளிடம்தான் தொழில் கற்றார்கள். அந்தக் குழுவுக்கு அவர் எழுதிய காரமான கடிதத்தைப் படித்து முடித்தாள்.

"அனுப்பலாம். முதல்ல அந்த ரத்த வங்கிக்குப் போயிட்டு வாங்க."

"போய்?"

"சும்மா உக்காருங்க."

அங்கே கணினியில் வேலை பார்க்கும் செல்வராணி, பேரேட்டைப் பார்த்துப் பெயர்களை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிளீன் எழுதின மகராசன் நீங்கதானா?"

"எங்க கிளீன் வேறம்மா."

"மாட்டினவங்க எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

மற்றதை எடுக்க வழியில்லை, ஆய்வகத்துக்கு அது வேண்டும். தன்னுடையதன் பெயரை அந்தக் கணினியில் மட்டும் டிபி-கிளீன் என்று மாற்றினார். இனி வெறும் கிளீன் என்று அடித்தால் வருவது கோப்புகளை அழிப்பதுதான்.

"இனிமே இப்படித்தான் அடிக்கணும்."

"சரி சார்."

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் சரி என்றாள்.

பிற்பகலில் தொலைபேசி அடித்தது.

"ஓ நெகட்டிவா? பிரசவ கேஸா? இருங்க, பாக்கறேன்."

கணினி திணறியது. திணறினால் கிளீன் அடிப்பது அவள் வழக்கம். காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவர். கண் பேரேட்டில். கை தானாகத் தட்டியது: கிளீன்.

என்டரில் விரல் படுமுன் மாசிலாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, கை பழகிப்போச்சு சார்..."

மறுநாள் எஸ்தர் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அதே கடிதமா?"

"அதைக் கிழிச்சாச்சு. இது வேற. அந்தப் பேரு எங்களுக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம், யாருமே வச்சுக்க வேணாம்னு."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

"நம்மளதுல அந்தப் பேரை எடுத்துட்டுத்தான் மேடம் எழுத உக்காந்தேன்."