பொன் வளையம் போட்ட ஓட்டை

ஒரு ஊர்ல ஒரு காத்தமுத்து இருந்தாரு. கண்ணை மூடிக்கிட்டே கேளு, "ம்" சொல்ல மட்டும் வாயத் திறந்தா போதும். அவரு சைக்கிள் பின்னாடி ஒரு கூடை பேரீச்சம்பழம். கிணிங் கிணிங்னு மணியடிச்சுக்கிட்டு, "பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்"னு தெருத்தெருவாப் போவாரு. வாங்குன சாமானை அப்படியே உருக்கப் போட்டுற மாட்டாரு. ஒவ்வொண்ணா எடுத்து டங்குன்னு தட்டிப் பாப்பாரு, மோந்து பாப்பாரு, விரலால தடவிப் பாப்பாரு. "என்னன்னு தெரியுற வரைக்கும் எதையும் தேய்க்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது"ம்பாரு. உன்னை மாதிரி இல்ல.

அவருக்குக் கடைமடையில கையகல வயலு. கண்மாய்த் தண்ணி வாய்க்கால்ல நாலு வயலைத் தாண்டித்தான் அங்க வரணும். தலைமடையில சடையாண்டின்னு ஒருத்தரு. அவரு சூரியனை அண்ணாந்து பாத்துட்டு, "என் முறை இன்னும் முடியலப்பா"ம்பாரு. அடுத்தவங்களும் அப்படியே. கடைசியில காத்தமுத்துக்கு வர்றது வெறும் ஈரந்தான். நெல்லு பால் பிடிக்கிற நேரம் வேற. இன்னும் நாலு நாள்ல தண்ணி வரலேன்னா அம்புட்டும் பதரு. அவரு பொண்டாட்டி சீனியம்மா வரப்புல உக்காந்து அழுதுச்சு.

"ம்..."

அப்போ ஒருநாள், ராசமணியம்மான்னு ஒருத்தங்க பரணைச் சுத்தம் பண்ணி, களிம்பேறுன ஒரு செம்புக் கிண்ணத்தைக் கொடுத்தாங்க. "அடியில ஓட்டைய்யா, எதுக்கும் ஆகாது. கைப்பிடி பழம் குடு, போதும்"னாங்க.

அப்புறம் அந்தக் கிண்ணத்துக்கு மூணு கண்டம் வந்துச்சு. மொத கண்டம், காயலான் கடைக்காரரு. நசுக்குனாத்தான் மூட்டையில எடம் இருக்கும்னு சுத்தியலை ஓங்கிட்டாரு. காத்தமுத்து வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டாரு. ரெண்டாவது கண்டம், நம்ம சீனியம்மாதான். புளியும் செங்கப்பொடியும் எடுத்துக்கிட்டு வந்துச்சு. வெள்ளிக்கிழமையானா அது எதையும் விட்டு வைக்காது. "இரு தாயி"ன்னு தடுத்து, வெதுவெதுன்னு தண்ணியில துணிய நனைச்சு அவரே மெள்ளத் தொடைச்சாரு. மூணாவது கண்டம், ஈயம் பூசுறவரு. ஓட்டைய அடைச்சா இவரு கஞ்சி குடிக்கலாமேன்னு சீனியம்மா பாசமாத்தான் கொண்டு போச்சு. துருத்தி புஸ்ஸு புஸ்ஸுங்குது, ஈயம் தளதளன்னு உருகுது. அப்போ காத்தமுத்து ஓடியாந்து கிண்ணத்தத் திருப்பிப் பாத்தாரு. ஊசி நுழையுற ஓட்டை. தொடைச்சதுல இப்பத்தான் தெரியுது, அதைச் சுத்திப் பொன்னுல ஒரு வளையம்!

"நிறுத்துங்கண்ணே! கிழிஞ்ச வேட்டியில கிழிசலைச் சுத்தி யாராச்சும் சரிகை தைப்பாங்களா? இது தானா விழுந்த ஓட்டை இல்ல. வேணும்னே போட்டது."

தூங்கிட்டியா?

"ம்ஹும்..."

அப்புறம் வீட்டுக்கு வந்து, தொட்டித் தண்ணி மேல கிண்ணத்த மிதக்க விட்டாரு. அடியில இருந்து நூலு கணக்கா தண்ணி ஏறுது. பக்கத்துல சீனியம்மா கம்பு இடிக்குது, ணங் ணங் ணங். ஒரு படி இடிச்சு முடிக்கவும், குபுக்! முங்கிருச்சு. மறுபடி விட்டாங்க. இன்னொரு படி, குபுக்! மூணாவதும் அதே ஒரு படி, குபுக்!

"ஏ சீனி, இது நேரத்தை அளக்குதுடி!"

ராசமணியம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னாரு. அவங்களுக்கு அப்பத்தான் மாமனாரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அது நாழிகை வட்டில், ஒரு தடவை முங்குனா ஒரு நாழிகை. அந்தக் காலத்துல வாய்க்கால் முறையே அதை வச்சுத்தான். "இது உங்களதும்மா"ன்னு நீட்டுனாரு. "என் பரண்ல அது ஓட்டைக் கிண்ணமாத்தான் கெடந்துச்சு. நீ பாத்ததுக்கப்புறந்தான்யா வட்டிலாச்சு. மடைக்கே கொண்டு போ"ன்னாங்க.

மறுநாள் காலையில வாய்க்கால் கரையில அண்டா நெறையத் தண்ணி வச்சு வட்டிலை மிதக்க விட்டாங்க. ஆளுக்கு மூணு முழுக்குன்னு பேச்சு. "ஓட்டைக் கிண்ணம் எனக்கு நியாயம் சொல்லுதாக்கும்!"னு சடையாண்டி சிரிச்சாரு. ஆனா மூணு முழுக்கு முடிஞ்சப்போ அவரு வயல் நெறைஞ்சுதான் இருந்துச்சு. சிரிப்பையும் நிறுத்துனாரு, மடையையும் அடைச்சாரு. வெயில் தாழ்றப்போ, சலசலசலன்னு கடைமடைக்குத் தண்ணி வந்துச்சு.

குபுக். குபுக். மூணாவது குபுக்கும் ஆச்சு. வடக்கு மூலை மட்டும் இன்னும் நனையல.

"கொஞ்ச நேரம் விடுய்யா"ன்னு சீனியம்மா கெஞ்சுச்சு. ஆனாலும், "முங்கிருச்சு! மடையை மூடுங்க!"ன்னு காத்தமுத்தேதான் கத்துனாரு.

மடைப் பலகையில கை வச்சு நின்னது சடையாண்டி. அந்தக் காஞ்ச மூலையைப் பாத்தாரு. பலகையை எறக்கல. "இன்னொரு முழுக்கு விடுப்பா. அது என் அடுத்த முறையில கழியட்டும். இத்தன நாளும் உன் தண்ணியத்தான் குடிச்சிருக்கேன்"னாரு.

தண்ணி மூலைக்கும் போச்சு. சீனியம்மா சேத்துலயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. சடையாண்டியக் கும்பிட்டுச்சு, ராசமணியம்மா வீட்டுத் தெசையக் கும்பிட்டுச்சு. அப்புறம், "வளையம் போட்ட ஆசாரி, உன் பேரு கூடத் தெரியலயே சாமி. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்"னு சொல்லிச்சு. காத்தமுத்து துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு.

"..."

ம் கூட வரல. சரி, கதை வயக்காட்டுலேயே படுத்துருச்சு, நீ இங்க படுத்துக்க. தூங்கு தங்கம்.