குளத்துக் கல்லில் இருந்த எண்

வெகுகாலத்துக்கு முன்னே, பத்து லட்சம் வேலி நிலம் கொண்ட கூவல்நாட்டை மருதவேள் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொஞ்சியவன் தலையை மாலையில் வாங்கச் சொல்லுகிற குணம் அவனுக்கு. அந்த நாட்டில் ஏழு என்று யாரும் வாய்திறந்து சொல்லக்கூடாது. அது ராஜாவின் பாட்டன் போட்ட சட்டம். பிள்ளைகள்கூட ஆறாம் வாய்ப்பாடு முடிந்ததும் எட்டுக்குத் தாவிவிடும்.

ஒரு கோடையில் அரண்மனைக் குளம் வற்றி, நடுவில் ஒரு கல் தலைகாட்டியது. அதில் 142857 என்று வெட்டியிருந்தது. அன்றிலிருந்து நாய்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

மந்திரி காரிநம்பியின் பதவிமேல் கண்வைத்திருந்த சோதிடர் சூலபாணிக்குக் கொண்டாட்டம். சபையில் மணல் பரப்பி, அந்த எண்ணை இரண்டால் பெருக்கினார். 285714 வந்தது. மூன்றால் பெருக்க 428571. ஆறு வரைக்கும் பெருக்கிக் காட்டினார். அதே இலக்கங்கள்தான் இடம் மாறிச் சுற்றிச் சுற்றி வந்தன. பார்த்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சாகாத எண், மகாராஜா. உள்ளே ஒரு பூதம் இருக்கிறது. நாட்டிலேயே கெட்டிக்காரத் தலையைப் பலி கேட்கிறது" என்றார் சூலபாணி.

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

விடிந்ததும் காரிநம்பியைக் கல்லருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கத்தி தயாராக இருந்தது. ஒரே ஒரு கணக்கு போட்டுவிட்டுச் சாகிறேன் என்று கேட்டுக்கொண்டு, காரிநம்பி சேற்றில் விரலால் அந்த எண்ணை ஏழால் பெருக்கினார். சுற்று அறுந்தது. 999999 என்று ஒரே ஒன்பதாக வந்து நின்றது.

"இது பலி கேட்கவில்லை, மகாராஜா. பங்கு கேட்கிறது. நம் நாட்டை ஆறு பேரோடு இன்னொருவரும் சேர்ந்து பிரித்துக்கொண்டால் ஆளுக்கு இத்தனை வேலி வரும். ஒரு வேலி மிஞ்சும்."

"அந்த ஒரு வேலி எங்கே?"

"இந்தக் குளம்தான்."

ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. அரண்மனைக் கூடத்தில் பாட்டனுக்கும் தம்பிமாருக்குமாக ஆறு சிலைகள் இருந்தன. பக்கத்தில் ஒரு பீடம் எப்போதும் காலியாகவே கிடந்தது. சிறு வயதில் கேட்டதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"ஏழு" என்றான் ராஜா, மெதுவாக.

கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் ஓர் எலும்புக்கூடும், அதன் கையில் ஓர் உளியும் இருந்தன. பங்கு கேட்ட ஏழாமவனைப் பாட்டன் கொன்று, அவன் வெட்டிய கல்லின் அடியிலேயே புதைத்திருந்தான்.

ராஜா சட்டத்தை நீக்கினான். காலிப் பீடத்தில் அவனுக்கும் சிலை வைத்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டு, மன்னிப்பும் கேட்டான். பிறகு சோதிடரிடம் திரும்பி, "பூதத்தோடு பழகியவர் நீர். தினமும் இங்கே வந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்" என்றான்.

சூலபாணி சாகும்வரை நடுங்கிக்கொண்டே சொன்னார் என்று கேள்வி. ஏழாவது வரியில் மட்டும் அவர் வாயைத் திறந்ததில்லை. அதற்குள் குளத்துக்குள்ளிருந்து யாரோ சொல்லிவிடுவார்களாம்.