இரண்டு தரம் உள்ளே போன பெட்டி

மணி அலறியது.

சுவருக்கு அந்தப் பக்கம், மருந்துப் பெட்டிகளில் கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் கோபால்ட் கம்பிகள் தண்ணீரைவிட்டு மேலே வருகின்றன என்று அர்த்தம். கம்பிகளை இங்கே யாரும் பார்த்ததில்லை. மணியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"செத்த கிருமியை இன்னொரு தரம் சாகடிச்சா என்ன மேடம் தப்பு?"

கேட்டவர் பெட்டி ஏற்றும் செபஸ்தியான். ஐம்பது வயது. தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகளோடு ஆய்வுக்கூட வாசலில் நின்றார்.

உள்ளே ருக்கையா குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள்.

"என்னண்ணே பண்ணினீங்க?"

"ஸ்டீராய்டு ஊசி மருந்து. கதிர் பட்டா பெட்டிமேல ஒட்டின மஞ்சப் பொட்டு செவப்பாகணும். ஆச்சு. ஆனா வெளிறின செவப்பாத் தெரிஞ்சுது. மனசு கேக்கலை. இதுல ஒரு பெட்டியைத் திரும்ப உள்ளே அனுப்பிட்டேன்."

"வீட்டுப் பூட்டையும் இப்படித்தான் இழுத்து இழுத்துப் பாப்பீங்களா?"

"மூணு தரம்." கூடவே சொன்னார்: "பஸ் ஸ்டாப்பிலேருந்து திரும்பி வந்து நாலாவது."

அவள் சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு லாரி மேடம். சொன்னா மெமோ. ஏற்கெனவே ரெண்டு வாங்கியிருக்கேன். இன்னொண்ணுன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க."

குடுவையை வைத்துவிட்டு, பெட்டிக்கொரு குப்பியாக எடுத்தாள். பவுடரைக் கரைத்து இயந்திரத்தில் ஏற்றினாள்.

செபஸ்தியான் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தார்.

இயந்திரத்திலிருந்து இரண்டு வரைபடத் தாள்கள் வந்தன. ஒரு தரம் போனதில் ஒரு மலை. பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. இரண்டு தரம் போனதில் அந்த மயிரிழை குன்றாகியிருந்தது.

"இந்தக் குன்று என்னது?"

"மருந்து."

"அப்பாடா."

"மருந்தா இருந்தது. கதிர் பட்டுச் சிதைஞ்சுடுச்சு."

அவர் முகம் சுருங்கியது. "கொஞ்சம்தானே மேடம்?"

"மூச்சு முட்டி ஓடி வர்றவங்களுக்குப் போடுறது. கொஞ்சம்தான்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

ருக்கையா பெட்டிகளைக் காட்டினாள். "பொட்டை மட்டும் பாருங்க. எது ரெண்டு தரம் போனது?"

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு.

"தெரியலை."

"பொட்டுக்கும் தெரியாது."

செபஸ்தியான் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். பெட்டி எண்ணைப் பார்த்து, வலது பெட்டிமேல் எழுதினார்: 'ஏற்ற வேண்டாம். இரண்டு தரம் உள்ளே போனது. செபஸ்தியான்.'

எழுத்து போதிய கறுப்பாக இல்லையோ என்று பட்டது. மேலேயே இன்னொரு தரம் எழுத மார்க்கரைக் கொண்டுபோனார்.

கை நின்றது.

மார்க்கரை மூடினார்.

ருக்கையா குழாயைத் திறந்து மீதிக் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.